மேற்பார்வை ரகுபதி, ஆங் மோ கியோ

பெருமதிப்பிற்குரிய தங்கராஜு அத்தான் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் மைத்துனன் ரகுபதி ஆங் மோ கியோவிலிருந்து பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் நாகம்மாவும் முழங்கால்கள் நீங்கலாக நலம். அங்கே தெம்பனிசில் தாங்களும் பாப்பம்மாள் அக்காவும், முடிந்தால் முழங்கால்களும் சேர்த்து, நலமாக இருக்க வேண்டுகிறேன். தீபாவளிக்கு அக்கா கொடுத்தனுப்பிய முறுக்கு டப்பாவை இன்னும் திருப்பித் தரவில்லையே என்று நாகம்மா வெட்கப்படுகிறாள். டப்பா பின்னால் வரும்.

ஒரே தீவில் ஒரு மணி நேர பஸ் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, கையில் போனையும் வைத்துக்கொண்டு, இவன் எதற்குத் தபாலில் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். வேலையை விட்டுப் பன்னிரண்டு வருடமாகியும் பழைய புத்தி போகவில்லை என்றுகூடச் சொல்வீர்கள். அதுவல்ல காரணம். இந்த விஷயத்தை நான் வாய் திறந்து சொல்லக்கூடாது. சொன்னால் எங்கள் வீட்டுக்குள்ளேயே ஒரு ஆள் கேட்டுவிடும். எழுதினால் தொந்தரவில்லை, அந்த ஆளுக்குப் படிக்கத் தெரியாது. நீங்களும் தயவுசெய்து இதைத் தனியாக உட்கார்ந்து, உதடு அசையாமல் படியுங்கள். அக்கா அடுப்படியில் இருக்கும் நேரம் பார்த்துப் படித்தால் நல்லது.

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவன் நான்தான், வேறு யாரையும் குறை சொல்வதற்கில்லை. எங்கள் பக்கத்து வீட்டு முனீராவின் மகள் ஹனீன், இல்லாமல்போன கம்போங்குக் கிராமங்களின் கதைகளைத் திரட்டும் ஒரு குழுவில் இருக்கிறாள். லிப்டுக்குக் காத்திருந்த நேரத்தில் நம் ஊரின் பெயர்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டேன். "ஒரே ஊருக்கு அஞ்சு பேரா அங்கிள்? சும்மா சொல்றீங்க லா! நீங்க வந்து பேசியே ஆகணும், ஹாஃப் அன் அவர் போதும்" என்று பிடித்துக்கொண்டாள். நாற்பத்தொரு வருடம் தபால்காரனாக இருந்தவனிடம் ஜனங்கள் தபாலைத் தவிர வேறு எதைக் கேட்டிருக்கிறார்கள்? எனக்குத் தலைகால் புரியவில்லை. சலவைச் சட்டை, பழைய தபால் இலாகா பெல்ட், அப்பாவின் நோட்டுப் புத்தகம் எல்லாம் எடுத்துக்கொண்டு, போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு மாடி அறைக்குப் போனேன். ஹனீன் இருபது நாற்காலி போட்டிருந்தாள். வந்தவர்கள் பதினொரு பேர், அதில் எட்டுப் பேர் அங்கே கொடுத்த கறிபப்பைத் தின்ன வந்தவர்கள். ஆனால் நான் பேசி முடிக்கும்போது ஹனீன் என் காதருகே வந்து, "பின்னாடி நிக்கிறவங்களுக்கு சேர் பத்தல, இன்னும் கொஞ்சம் எடுத்துட்டு வரவா?" என்று கேட்டாள். பின்னால் பார்த்தேன். சுவர்தான் இருந்தது. வயதுப் பெண், கண்ணில் ஏதாவது கோளாறு இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

நம் ஊர்க் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அன்று என்ன பேசினேன் என்று சொன்னால்தான் மற்றது விளங்கும். முதலில் அது மக்கிரித் தோட்டம். மெக்ரே என்ற துரை ரப்பர் போட்ட காடு. நாமக்கல் பக்கமிருந்து வந்த இருபத்திரண்டு குடும்பம், வரிசை வீடுகளாக ஒரு லயம், ஒரு கிணறு, மேட்டில் ஒரு இடுகாடு. ரப்பர் விலை விழுந்ததும் துரை தோட்டத்தை ஒரு சீன முதலாளித் தவுக்கேயிடம் விற்றுவிட்டுக் கப்பலேறினார். தவுக்கே பழைய பெயர்ப் பலகையைப் பிடுங்கி அடுப்புக்குக் கொடுத்துவிட்டு, ஹொக் செங் தோட்டம் என்று புதிதாக நட்டார். மரம் அதே மரம், கொசு அதே கொசு, கங்காணி அழகர்சாமியின் வசவும் அதே வசவு. பெயர் மட்டும்தான் வேறு. அந்த வருடம் செத்தவர்களுக்குப் படைத்த சோற்றை ஒரு காக்காய்கூடத் தொடவில்லை. பால் வெட்டிவிட்டுத் திரும்பிய பெண்கள், பலகை இருந்த முச்சந்தியில் உச்சிவேளையில் ஆட்கள் நிற்கிறார்கள் என்றார்கள். யார் என்று கிட்டப் போய்ப் பார்த்தால், பேதியில் போனவர், பாம்பு கடித்துப் போனவர், பிரசவத்தில் போனவள். "மக்கிரித் தோட்டம் எந்தப் பக்கம்?" என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் கேட்டிருக்கிறார்கள். ஊர் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது.

அப்போது மெயின் ரோட்டுக் கடையிலிருந்து ஊருக்குக் கடிதம் வாங்கி வருகிற வேலை என் தாத்தாவுடையது. முகவரி மாறினால் ஊருக்குக் கடிதம் எழுதுகிறவர்களுக்கெல்லாம் தெரிவிக்க வேண்டியது அவர் கடமை. அவரே நோட்டுப் புத்தகத்தோடு ஒரு வெள்ளிக்கிழமை நடுப்பகலில் இடுகாட்டுக்குப் போனார். ஒவ்வொரு குழியின் தலைமாட்டிலும் நின்று, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "கேட்டுக்க. மக்கிரித் தோட்டம்ங்கிற பேரு இனிமே கிடையாது. ஹொக் செங் தோட்டம்னு கேட்டு வா" என்று சத்தமாகச் சொன்னார். "கேட்டுக்கிட்டேன்" என்று பதில் வந்த பிறகுதான் அடுத்த குழிக்கு நகர்ந்தாராம். ரிஜிஸ்தர் தபாலுக்குக் கையெழுத்து வாங்குவது போலத்தான். மறுநாளே காக்காய் சோறு தின்றது. அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. அதில் ஒரு கட்டளையும் உண்டு. புதுப் பெயரைச் செத்துப்போனவர்களுக்குத்தான் முதலில் சொல்லவேண்டும், அதற்குப் பிறகுதான் இருப்பவர்கள் அதை வாயில் எடுக்கலாம். "இருக்கிறவன் நாலு பேரைக் கேட்டு வந்துடுவான், போனவன் யாருகிட்டப் போய்க் கேப்பான்?" என்பார் தாத்தா.

ஜப்பான்காரன் வந்து மூன்றாம் முகாம் என்றான். தாத்தா அதையும் போய்ச் சொன்னார். மூன்றரை வருடத்தில் அவன் போனதும், "போன தடவை சொன்னதை மறந்துடுங்க" என்று மறுபடி போய்ச் சொன்னார். அந்த மூன்றரை வருடத்தில் கேட்கிறவர்களின் எண்ணிக்கை இரண்டு மடங்காகியிருந்தது. அப்புறம் தோட்டம் துண்டு துண்டாகி, சாலையோரம் நின்ற மைல்கல்லை வைத்துப் பன்னிரண்டாம் கல் என்று ஆயிற்று. அதை அப்பா சொன்னார். அப்பா போன பிறகு நோட்டுப் புத்தகம் என் கைக்கு வந்தது. எழுபத்து மூன்றில் லோரோங் பெலிம்பிங் என்று அரசாங்கம் பெயர் வைத்தது. அதைச் சொன்னவன் நான். எண்பத்து நான்கில் ஊரையே எடுத்துவிட்டார்கள். பாதிப் பேர் ஆங் மோ கியோ, சிலர் குவீன்ஸ்டவுன், நீங்கள் தெம்பனிஸ்.

இதையெல்லாம் மைக்கில் சொன்னேன். மைக்கைப் பிடித்தவனுக்கு நாக்கு நிற்குமா? "அந்த ஊரின் கடைசி முகவரி நான் குடியிருக்கும் அடுக்குமாடி ப்ளாக்தான், டிசம்பரில் அதையும் இடிக்கப்போகிறார்கள், எல்லாரும் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்" என்று உருக்கமாக முடித்தேன். எங்கள் ப்ளாக்கைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்ததுதான் உங்களுக்குத் தெரியுமே. பதினொரு பேரும் கைதட்டினார்கள். பதினொரு பேர் தட்டிய சத்தமாக அது இல்லை. சுவர்க் கடிகாரத்தில் மணி சரியாகப் பன்னிரண்டு.

அது ஏன் என் ப்ளாக் கடைசி முகவரி ஆனது என்பதை மட்டும் அங்கே சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். எண்பத்து நான்கில் ஊர் ஒரே இடத்துக்குப் போகவில்லை, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு ப்ளாக், ஒரு மாடி, ஒரு கதவு எண். நோட்டுப் புத்தகத்தில் நாற்பத்திரண்டு பெயர். ஒவ்வொருவரிடமும் அவரவர் பிள்ளைகளின் முகவரியைச் சொல்லவேண்டும். நான் சொல்லப் போன அன்று பிற்பகல்தான் எனக்கு வீட்டுச் சாவி வாங்க நேரம் குறித்திருந்தார்கள். மழை வேறு கொட்டியது. நான் என்ன செய்தேன் தெரியுமா அத்தான்? இடுகாட்டின் நடுவில் குடையோடு நின்று, மொத்தமாக எல்லாருக்கும், உறையில் கேர் ஆஃப் போடுவது போல, "மேற்பார்வை ரகுபதி" என்று என் வீட்டு முகவரியைச் சொல்லி, "அங்க வந்துடுங்க, அப்புறம் பிரிச்சு அனுப்பிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுச் சாவி வாங்க ஓடிவிட்டேன். அப்புறம் என்பது நாற்பத்தொரு வருடமாக வரவே இல்லை.

கூட்டத்துக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, முனீரா எங்கள் கதவைத் தட்டினாள். "அங்கிள், வீட்ல விசேஷமா? சொல்லவே இல்லையே" என்றாள். எட்டிப் பார்த்தேன். வாசலிலிருந்து லிப்டு வரைக்கும் தாழ்வாரம் முழுக்கச் செருப்பு. கார் டயரில் வெட்டியது, கட்டையில் செய்தது, வார் அறுந்து கயிறு கட்டியது, ஒரு ஜோடி துரை போட்டுக் கழித்த பூட்ஸ். எல்லாவற்றிலும் செம்மண். ஆங் மோ கியோவில் செம்மண்ணுக்கு எங்கே போவது? அந்த மண் இன்னும் ஈரமாக இருந்தது. வீட்டுக்குள் திரும்பினால் நாகம்மாவும் நானும்தான், ஆனால் சோபாவில் உட்கார இடமில்லாத மாதிரி இருவருமே நின்றுகொண்டிருந்தோம். ஏன் நிற்கிறோம் என்று இருவருக்கும் தெரியவில்லை. முனீராவிடம், பேச்சைக் கேட்டு ஊர்க்காரர்கள் பார்க்க வந்திருக்கிறார்கள் என்றேன். அது பொய்யுமில்லை. நாகம்மா உங்களுக்குத் தெரிந்த நாகம்மாதான். கதவைச் சாத்திவிட்டு, "இத்தனை பேருக்கு எத்தனை கப் அரிசி போடறது? அதை மட்டும் சொல்லுங்க" என்றாள்.

சரி, வந்தவர்களைத் திருப்பி அனுப்ப முடியாது, முகவரி இருந்தால் பட்டுவாடா செய்துவிடலாம் என்று நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாரிசுகளுக்கு வரிசையாகப் போன் போட்டேன். அத்தான், இந்தக் காலத்தில் ஒருவனுக்குப் போன் செய்து, "உங்க தாத்தா எங்க வீட்டு வாசல்ல நிக்கிறார், உங்க முழு அட்ரஸைச் சொல்லுங்க" என்று கேட்டுப் பாருங்கள். ஏழு பேர் பேச்சு முடியுமுன் வைத்துவிட்டார்கள். ஒருத்தி, "தாத்தாவோட ஐசி கார்டு நம்பர் சொல்லு பாப்போம்" என்று மடக்கினாள். பெர்த் நகரத்துக்குக் குடிபோன ஒருவன் மட்டும் அழுதுகொண்டே முகவரி சொன்னான், பாவம், விமானத்துக்கு வழி எப்படிச் சொல்வது என்று நான் விழித்தேன். கங்காணி அழகர்சாமியின் பேரன் வெங்கடேஷ், "நாங்க காண்டோவுக்கு மாறிட்டோம் அங்கிள், கீழ செக்யூரிட்டி இருக்கு, ஐடி இல்லாம யாரையும் விட மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு, கையோடு போலீசுக்கும் சொல்லிவிட்டான், முதியவர் குரலில் புதுவகை மோசடி நடக்கிறது என்று.

மறுநாள் காலை அதீஃப் என்று ஒரு இளம் அதிகாரி வந்தார். நம்ம தமிழ்ப் பிள்ளை, மரியாதையானவர். வாசலில் நின்று தாழ்வாரத்தை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். "அங்கிள், ஆளுங்ககிட்ட அட்ரஸ் கேட்டு கால் பண்ணக்கூடாது, இப்பல்லாம் எல்லாரும் பயப்படறாங்க லா. அப்புறம், காரிடார்ல இவ்வளவு செருப்பு வைக்கக்கூடாது, ஃபயர் சேஃப்டி இருக்கு" என்றார். எழுதிக்கொள்வதற்காக எண்ணினார். "நாப்பத்தி மூணு ஜோடி." நான் நாற்பத்திரண்டு என்றேன். "இல்ல அங்கிள், நாப்பத்தி மூணு. குட்டிச் செருப்பை நீங்க விட்டுட்டீங்க" என்று, கதவோரம், என் செருப்புக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்த ஒரு ஜோடியைக் காட்டினார். என் உள்ளங்கை அளவுதான் இருக்கும். நீலநிற ரப்பர் வார், ஊக்கு குத்திச் சரிசெய்தது. அந்த ஊக்கைக் குத்தியது என் அக்கா.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அதிகாரி தண்ணீர் கொண்டுவரச் சொல்லி என்னை உட்காரவைத்தார். நோட்டுப் புத்தகத்தில் இல்லாத பெயர் உங்கள் மகளுடையது, நீங்கள் எழுதக்கூடாது என்று சொன்னதால் எழுதவில்லை. எண்பத்து நான்கில் நான் இடுகாட்டுக்குப் போன காலையில் என் சைக்கிளின் ஹாண்டில் பாரைப் பிடித்து நிறுத்தி, "எல்லாருக்கும் சொல்லு. வைதேகிக்கு மட்டும் நம்ம வீட்டைச் சொல்லாத. அவ வந்தா உங்க அக்கா தாங்க மாட்டா" என்றீர்கள். சொல்லவில்லை அத்தான். தனித்தனியாக நாற்பத்திரண்டு குழியில் சொல்லியிருந்தால் அவளுக்குத் தெரிந்தே இருக்காது. நான் மழைக்குப் பயந்து நடுவில் நின்று மொத்தமாகச் சொன்னேனே, அது நாலு வயதுக் குழந்தை காதிலும் விழுந்துவிட்டது.

அந்த வாரம் முழுக்க நடுப்பகல் பன்னிரண்டுக்கு வாசலில் நின்று பட்டுவாடா செய்தேன். பெயரைக் கூப்பிடுவேன், முகவரியை வாசிப்பேன், "கேட்டுக்கிட்டேன்" என்று காதுக்கு மிக அருகில் பதில் வரும், குனிந்து பார்த்தால் அந்த ஜோடி இருக்காது. குரல்கள் வயதாகாமல் அப்படியே இருந்தன, அதுதான் பயமாக இருந்தது. முகவரி தர மறுத்தவர்களுடையதை முனீராவும் ஹனீனும் ஊர்க்காரர்கள் வாட்ஸ்அப்பில் விசாரித்து வாங்கிக்கொடுத்தார்கள். எதற்கு என்று கேட்கவில்லை. ஆனால் நான் வாசலில் நிற்கிற நேரத்தில் முனீரா தன் கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ ஓதுவது கேட்கும். கங்காணிக்குக் காண்டோ பெயரையும் இரண்டாவது கோபுரம் என்பதையும் சொல்லி, "மிச்சத்தைக் காவலாளியிடம் கேட்டுக்கொள்ளவும்" என்றேன். வழக்கமான வசவோடுதான் கேட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் வெங்கடேஷே என்னைக் கூப்பிட்டு, "அங்கிள், எங்க வீட்ல காலையில அஞ்சரைக்கு யாரோ எல்லாரையும் அதட்டி எழுப்புறாங்க, பசங்க ஸ்கூலுக்கு லேட்டாறதே இல்ல, இதை நிறுத்தணுமா வேணாமான்னு தெரியல" என்றான். தாத்தாகூடச் சித்தப்பா மகன் வீட்டுக்குப் போய்விட்டார், என் அப்பாவின் செருப்பு மட்டும் போகவில்லை. அவர் முகவரியே இதுதானே. எங்களோடு புதுவீட்டுக்கு வருவார்.

இப்போது மிச்சம் அந்தக் குட்டி ஜோடி மட்டும்தான். மூன்று வாரமாகிறது. அவள் முரண்டு பண்ணுகிற பிள்ளை இல்லை. மேசையில் ரொட்டி வைத்தால் ஓரம் மட்டும் கடித்திருக்கும். நாகம்மா துணி மடிக்கும்போது ஒரு முந்தானை நுனி தானாக இழுபடும், அவள், "விடுடி கழுதை" என்பாள், விட்டுவிடும். எங்களுக்குத்தான் பிள்ளையில்லையே, நாகம்மா இந்த மூன்று வாரமாகப் பாட்டெல்லாம் பாடுகிறாள். பயப்பட வேண்டியது நான் ஒருவன்தான் போலிருக்கிறது. ஆனால் தினமும் பன்னிரண்டு அடித்ததும் வாசலில் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு கேட்கிறாள். "மாமா, எங்க வீடு எங்க?" என்கிறாள். "இரும்மா, அப்பாகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்கிறேன். மறுநாளும் கேட்கிறாள். தாய்மாமன் நான், அத்தான். எத்தனை நாள் இதையே சொல்வேன்?

அனுமதி கேட்பதற்கு முன்னால் உங்களுக்கு நான் ஒன்று சொல்லியாகவேண்டும். ஐம்பத்திரண்டு வருடமாகச் சொல்லவில்லை. அந்த டிசம்பரில் குழந்தைக்கு ஜுரம் கண்டு மூச்சிழுத்தபோது நீங்கள் சைக்கிளில் கடைக்கு ஓடிப்போய்ப் போனில் ஆஸ்பத்திரி வண்டி கேட்டீர்கள். பன்னிரண்டாம் கல் என்று சொன்னீர்கள். வண்டி வந்தது. ஆனால் கிலோமீட்டர் வந்துவிட்டதால் சாலையிலிருந்த மைல்கற்களை எல்லாம் அதற்கு முந்தின வாரம்தான் பிடுங்கியிருந்தார்கள். கல்லைத் தேடி அந்த டிரைவர் இரண்டு தடவை நம் ஊரைத் தாண்டிப் போய்த் திரும்பியிருக்கிறார், கல் இருந்த இடத்தில் குழிதான் இருந்தது. வந்து சேர ஒன்றேகால் மணி நேரம். "சரியான பேரைச் சொல்லத் தெரியாத மடையன் நான்" என்று நீங்கள் அன்று தலையில் அடித்துக்கொண்டது எனக்கு இன்றும் கேட்கிறது. அதற்கப்புறம் அவள் பெயரையே வீட்டில் யாரும் எடுக்கக்கூடாது என்று வைத்துவிட்டீர்கள்.

சரியான பெயர் எனக்குத் தெரியும், அத்தான். லோரோங் பெலிம்பிங் என்று தபால் நிலையத்தில் கொடுத்த சுற்றறிக்கை அன்றைக்கு ஏழு நாளாக என் பையில் கிடந்தது. போனவர்களுக்குத்தான் முதலில் சொல்லவேண்டும் என்பது கட்டளை. முதல் வெள்ளிக்கிழமை மழை, அதனால் அடுத்த வெள்ளிக்குத் தள்ளிவைத்தேன். அதுவரை இருப்பவர்கள் யாருக்கும் சொல்லாமல் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். இருபது வயதில் தாத்தாவின் வேலை கைக்கு வந்த கர்வம் எனக்கு. செத்தவர்கள் வழி தவறிவிடக்கூடாது என்று காத்திருந்தேன், உயிரோடிருந்த குழந்தைக்கு வழி இல்லாமல் போயிற்று. ஒன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை இடுகாட்டில் புதுப்பெயரைச் சொல்லப் போனபோது கடைசிக் குழி அவளுடையது, மண் இன்னும் ஆறவில்லை. மடையன் நீங்கள் இல்லை. நீங்கள் தெரிந்த பெயரைச் சொன்னீர்கள். தெரிந்தும் சொல்லாதவன் நான். என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்க எனக்கு வாயில்லை. உங்களை நீங்கள் மன்னித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

தீபாவளியன்று நீங்கள் கீழே பேப்பர் வாங்கப் போன நேரத்தில் அக்கா என்னிடம் கேட்டாள். "தம்பி, அவளுக்கு நம்ம வீடு தெரியுமா?" அவ்வளவுதான் கேட்டாள். நான் முறுக்கு டப்பாவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அக்கா தாங்க மாட்டாள் என்று நீங்களும் நானும் சேர்ந்து முடிவு பண்ணினோமே, அக்காவை ஒரு வார்த்தை கேட்டோமா?

ஆகையால் தாங்கள் ஆற அமர யோசித்து, சரி என்றால் சரி என்றும், வேண்டாம் என்றால் வேண்டாம் என்றும் ஒரு வரி எழுதிப் போட வேண்டுகிறேன். போன் வேண்டாம். நான் ஸ்பீக்கர் போட்டுத்தான் பேசுவேன் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் பதில் வரும்வரை உங்கள் முகவரியில் ஒரு எழுத்தைக்கூட இந்த வீட்டில் உச்சரிக்க மாட்டேன், இது அப்பாவின் நோட்டுப் புத்தகத்தின் மேல் சத்தியம். வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்தால் நாங்கள் டிசம்பரில் புதுவீட்டுக்குப் போகும்போது அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுகிறோம். நாகம்மா இப்போதே சின்ன அறையில் வெயில் வருமா என்று பார்த்துவிட்டு வந்துவிட்டாள்.

தங்களுக்கும் அக்காவுக்கும் நீண்ட ஆயுளும், குறைந்த மாத்திரைகளும், எதைச் செய்தாலும் மனதில் நிம்மதியும் உண்டாக எல்லாம் வல்லவனை வேண்டி, தங்கள் பாதங்களில் வணக்கத்தைச் சமர்ப்பித்து முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த மைத்துனன்,
ரகுபதி

பின்குறிப்பு: அனுமதி கேட்டு மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தை மடித்து உறையில் போட்டு உங்கள் முகவரியை எழுதினேன். நாற்பத்தொரு வருடப் பழக்கம் அத்தான், எழுதிய முகவரியை ஒரு தடவை வாய்விட்டு வாசித்துச் சரிபார்க்காமல் நான் எந்த உறையையும் ஒட்டியதில்லை. ப்ளாக் எண், மாடி, கதவு எண், தெரு, தெம்பனிஸ், அஞ்சல் குறியீடு ஆறு இலக்கமும், நிறுத்தி நிதானமாக, கணீரென்று வாசித்துவிட்டேன். முடித்த பிறகுதான் கடிகாரத்தைப் பார்த்தேன், பன்னிரண்டு. முழங்கைக்குப் பக்கத்தில், "கேட்டுக்கிட்டேன் மாமா" என்றது அந்தக் குரல். நாகம்மா தடுமாறிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். என் செருப்பும் அப்பா செருப்பும்தான் இருந்தன. அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள். இனி இந்தக் கடிதம் வந்துதான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. ஆனாலும் அந்தச் சுற்றறிக்கை விஷயம் உங்கள் கைக்கு வந்தாகவேண்டும் என்பதால் உறையைப் பிரித்து இதையும் எழுதிச் சேர்த்து இன்றே பெட்டியில் போடுகிறேன். உங்களை எச்சரிக்கலாம் என்று சற்றுமுன் போன் செய்தேன். அக்காதான் எடுத்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், "அப்புறம் பேசு தம்பி, வாசல்ல யாரோ கதவோட அடிப்பக்கமாத் தட்டுறாங்க, பெல்லு கைக்கு எட்டல போலிருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.